மனப்பாட மகாத்மியம்

ஆசிரியர் தினம் என்று ஒரு தினம் இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ராஷ்டிரபதியான 1962-ஆம் வருஷத்திலிருந்து, அவருடைய பிறந்த தினமாகிய செப்டம்பர் 5-ஆம் தேதியை நாம் அவ்வாறு கொண்டாடி வருகிறோம். அன்று உபாத்தியாயர்களுக்கு ஆளுக்கொரு பேனா கிடைக்கும். மாணவர்களுக்கோ அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. வருஷம் முழுவதும் சேர்த்து வைத்த பழியையெல்லாம் ஒரே நாளில், அதுவும் மேடைமீது, தலைமை ஆசிரியர் முன்னிலையிலேயே, தீர்த்துக் கொள்ளலாம்.

இவ்வருஷம் கும்மிடிப்பூண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "நண்பன்" படத்திலிருந்து ஒரு காட்சியை நாடகமாக நடித்தார்கள். நேயர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2012-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, பொங்கலை ஒட்டி வெளியான படம். பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்று நண்பர்கள் செய்யும் அட்டகாசங்களும், அவர்களை அடக்க முயலும் கல்லூரித் தலைவரின் அவஸ்தைகளும்தான் கதை. விருமாண்டி சந்தனம் என்னும் அந்தத் தலைவருக்கு மாணவர்கள் "வைரஸ்" என்று பெயர் சூட்டியிருப்பார்கள். சத்யராஜ் அந்த வேஷத்தை ஏற்றிருந்தார்.

எங்கள் மேடையில் ஒரு பையன் தலையில் முகப் பவுடரைக் கொட்டி நரையாக்கிக் கொண்டு, மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி விட்டுக்கொண்டு, வகுப்பறைக்குள் நுழைந்தான். கரும்பலகையை இரண்டு தட்டுத் தட்டினான். "இயந்திரம் என்றால் என்ன? குறித்துக் கொள்ளுங்கள், இது கட்டாயம் வரும்!" என்று கர்ஜித்தான். சபையில் பிரமாதமான சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக் கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. படத்தில் சத்யராஜ் கரும்பலகையைத் தட்டியதாக எனக்கு நினைவில்லை. "குறித்துக் கொள்ளுங்கள், இது கட்டாயம் வரும்" என்ற வாசகமும் படத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த கணக்கு உபாத்தியாயர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து விஷயம் விளங்கியது. 20 வருஷமாக அந்தப் பலகையைத் தட்டி வருகிறவன் நான்தான்!

வீட்டுக்கு வந்ததும் வேலை ஒன்றும் ஓடவில்லை. "அந்தப் படத்தை மறுபடியும் பார்த்துவிட வேண்டும்" என்றேன். மனைவிக்கு ஆச்சரியம், பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஆனந்தம். மூவரும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தோம். அதன் பலனே இந்த வாரத்துக் கட்டுரை.

முதலில் படத்தின் வம்சாவளியைச் சொல்லிவிடுகிறேன். 2004-ஆம் வருஷத்தில் சேதன் பகத் என்பவர் டில்லி ஐ.ஐ.டி.யில் படிக்கும் மூன்று மாணவர்களைப் பற்றி "ஃபைவ் பாயிண்ட் ஸம்ஒன்" என்று ஓர் ஆங்கில நாவல் எழுதினார். அந்த நாவலின் ஆதாரத்தில் ராஜ்குமார் ஹிரானி "3 இடியட்ஸ்" என்ற ஹிந்திப் படத்தை எடுத்தார். அது 2009-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி வெளிவந்தது. கதையில் நாவலின் பங்கு எவ்வளவு, படக்காரர்களின் பங்கு எவ்வளவு, நாவலாசிரியரின் பெயரைப் படத்தின் கடைசியில் போட்டது சரிதானா என்றெல்லாம் அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்த ஹிந்திப் படத்தின் தமிழ் வடிவமே ஷங்கர் டைரக்ட் செய்த "நண்பன்". தயாரித்தவர்கள் ஜெமினி பிலிம் ஸர்க்யூட்டார்.

இங்கே ஒரு சுவையான ஒற்றுமை. இதே ஹிரானி 2003-ல் "முன்னாபாய் எம்.பி.பி.எஸ்." என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஹாஸ்யப் படம் எடுத்திருந்தார். அதையும் இதே ஜெமினி பிலிம் ஸர்க்யூட்டார்தான் 2004-ல் "வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்." என்று தமிழாக்கினார்கள். அதற்குக் கமல்ஹாஸன் கதாநாயகன், வசனம் கிரேஸி மோகன். ஆக, நம்மவர்கள் வயிறு குலுங்கச் சிரித்த இரண்டு கல்லூரிப் படங்களுக்கும் மூலவர் ஒருவரே. எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருப்பது. இங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் பேசுவார்கள். "நண்பன்" தெலுங்கில் "ஸ்நேஹிதுடு" என்று குரல் மாற்றி வெளிவந்தபோது, ஒரே ஹாஸ்யத்துக்கு இரண்டு பாஷையில் சிரித்தவர்கள் இவ்வூரில் உண்டு.

இனி, படத்தைப் பார்த்தபோது என் மனத்தில் எழுந்த முக்கியமான கேள்விக்கு வருகிறேன். படம் முழுவதும் பரிகசிப்பது எதை? மனப்பாடத்தை. ஸ்ரீவத்ஸன் என்று ஒரு மாணவன் வருகிறான். சத்யன் நடித்த பாத்திரம். புத்தகத்தில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பிப்பதே கல்வி என்று நம்புகிறவன். அவனைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் இந்தப் படமே ஹிந்திப் படத்தைக் காட்சிக்குக் காட்சி ஒப்பிக்கிறதே! அதுவரையில் சொந்தக் கதைகளையே படமாக்கி வந்த ஷங்கர், முதன்முறையாகப் பிறர் படத்தை எடுத்துச் செய்தது இதுதான். அப்படிச் செய்தவர் மூலத்தைவிட்டு அதிக தூரம் விலகவில்லை. மனப்பாடத்தைக் கண்டிக்கும் ஒரு படம், தானே ஒரு மனப்பாடமாக இருக்கலாமா?

இதற்கு நம் ஸங்கீதத்தில் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டுக் கற்கும் சிஷ்யன் வருஷக் கணக்கில் குருவின் பாடாந்தரத்தையே பாடுகிறான். குரு எந்த இடத்தில் மூச்சு வாங்குவாரோ அந்த இடத்தில்தான் அவனும் வாங்குவான். அதை யாரும் ஏளனம் செய்வதில்லை. கச்சேரி மேடையிலும் அவன் கிருதியை மாற்றப் போவதில்லை. ஆனால் நிரவலுக்கு வரும்போது, கல்பனாஸ்வரத்துக்கு வரும்போது, "இவன் யார்?" என்பது தெரிந்துவிடும். சரக்கு இருந்தால் அங்கே வெளிவரும். இல்லாவிட்டால் அங்கே அகப்பட்டுக் கொள்வான்.

நம்முடைய நாடக மேடையும் இப்படித்தான் வளர்ந்தது. 1891-ல் சென்னையில் சுகுண விலாஸ சபையை ஸ்தாபித்த பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை "அமலாதித்தன்" ஆக்கினார். மாக்பெத்தை "மகபதி" ஆக்கினார். வெனிஸ் நகரத்து வர்த்தகனை "வாணீபுர வணிகன்" ஆக்கினார். இரவல் கதை என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. பெயரிலேயே தமிழ் மணக்கிறதல்லவா? வந்த விருந்தாளிக்கு நம் வேஷ்டியைக் கட்டிவிட்டால் அவன் நம்மவனாகி விடுகிறான்.

"நண்பன்" படத்திலும் வேஷ்டி கட்டிய இடங்கள் சில உண்டு. ஹிந்திக் கதாநாயகன் "ராஞ்சோ" இங்கே பஞ்சவன் பாரிவேந்தன் ஆனான். விஜய் நடித்த அந்தப் பாத்திரத்தைத் தோழர்கள் "பாரி" என்கிறார்கள். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயர் அது. அறிவையெல்லாம் வாரிக் கொடுக்கும் பாத்திரத்துக்குப் பொருத்தந்தான். ஜீவா நடித்த ஏழைத் தோழனுக்குச் சேவற்கொடி செந்தில் என்று பெயர். ஹிந்திப் படத்தில் கதாநாயகன் கடைசியில் லடாக்கின் பனிமலைகளுக்கிடையே பள்ளிக்கூடம் வைத்து நடத்துகிறான். அப்பாத்திரத்துக்குத் தூண்டுகோல் என்று பலரும் சொல்வது சோனம் வாங்சுக் என்னும் லடாக் பொறியாளரை. பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்காகவே வேறு விதமான கல்வியைக் கண்டவர் அவர். 1988-ல் "செக்மோல்" என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தமிழ்ப் படத்திலோ பள்ளிக்கூடம் தனுஷ்கோடிக்கு வந்துவிடுகிறது. 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதப் புயலில் அழிந்துபோன ஊர் அது. பாழடைந்த கரையில் குழந்தைகள் விஞ்ஞானம் படிக்கிறார்கள் என்று காட்டியது, மூலத்தில் இல்லாத ஒரு நல்ல கற்பனை.

ஆனால் படத்தின் உண்மையான நிரவல் பாட்டுக்களில்தான். ஹிந்திப் படத்துக்கு இசை சந்தனு மொய்த்ரா, பாடல் ஸ்வானந்த் கிர்கிரே. அந்த மெட்டுக்களைத் தமிழில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். ஹாரிஸ் ஜயராஜ் அவ்வாறு செய்யவில்லை. எல்லாம் புது மெட்டு. ஷங்கருடன் அவருக்கு இது இரண்டாவது படம். 2005-ல் வந்த "அந்நியன்" முதலாவது.

"அஸ்கு லஸ்கா" என்று ஒரு பாட்டு. முதல் தடவை கேட்டபோது, "இதென்ன, அர்த்தமில்லாத சத்தமா!" என்று கோபித்தேன். பிறகுதான் தெரிந்தது, அர்த்தமில்லாத சொல் ஒன்றுகூட அதில் இல்லையென்று. 16 பாஷைகளில் காதல் என்பதற்கு என்னென்ன சொற்களோ அவற்றைக் கோத்து மாலையாக்கியிருக்கிறார் மதன் கார்க்கி. "அஷ்க்" என்றால் துருக்கியிலே காதல். "லாஸ்கா" என்றால் செக் பாஷையிலே காதல். படத்தின் வசனத்திலும் கார்க்கிக்குப் பங்கு உண்டு. அவர் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை பார்த்தவர். பொறியியல் கல்லூரியைப் பரிகசிக்கும் படத்துக்குப் பொறியியல் கல்லூரி வாத்தியாரே வார்த்தை எழுதிக் கொடுத்தார் என்றால், என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தைரியம் பிறக்கிறது.

என் மனத்தைத் தொட்ட பாட்டு வேறு. தோழன் ஒருவன் மாடியிலிருந்து குதித்துவிட்டு நினைவற்று ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வரும் "நல்ல நண்பன்" என்னும் பாட்டு. இயற்றியவர் நா. முத்துக்குமார். 2016-ல், 41-ஆம் வயதிலேயே, அவர் காலமாகிவிட்டார். பாடியவர் ராமகிருஷ்ணன் மூர்த்தி. ஆம், டிசம்பர் கச்சேரிகளில் நாம் கேட்கிறோமே, அவரேதான். ஸினிமாவில் பாடுகிறோம் என்பதற்காக அவர் குரலைக் கசக்கிக் கொள்ளவில்லை; உருகுகிறோம் என்பதற்காக அழவும் இல்லை. சுருதியிலே நின்று நிதானமாகப் பாடுகிறார். துக்கம் கேட்பவரிடத்தில் உண்டாகிறது. என் மனைவி அந்தக் காட்சியில் சமையலறைக்குப் போய்விட்டாள். பால் பொங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சில்லறை விஷயங்களில் பிரியமுள்ள நேயர்களுக்காக இரண்டு மூன்று சொல்லுகிறேன்.

படத்தில் கல்லூரியாகக் காண்கிற அந்தக் கம்பீரமான கட்டடம் கல்லூரியே அன்று. அது டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம். 1929-ல் திறக்கப்பட்டது. மரங்களை ஆராய்வதற்காகக் கட்டிய மண்டபத்தில், வகுப்பில் மரம்போல் உட்கார்ந்திருக்கும் மாணவர்களை நடிக்க விட்டது யாருடைய யோசனையோ!

இரண்டாவது, வைரஸின் பேனா. ஆகாய வெளியில் எழுதக்கூடிய பேனா ஒன்றைக் காட்டி, இதைக் கண்டுபிடிக்க எவ்வளவோ பணம் செலவாயிற்று என்று அவர் பெருமையடித்துக் கொள்கிறார். உடனே பாரி எழுந்து, பென்ஸிலால் எழுதியிருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்குமே என்று கேட்கிறான். கொட்டகையில் கைதட்டல்! இந்தக் கேள்வி உலகமெங்கும் உலவுகிற ஒரு பழைய ஹாஸ்யம். உண்மை வேறு. அமெரிக்கர்கள் முதலில் பென்ஸிலையே உபயோகித்தார்கள். 1965-ல் அமெரிக்க விண்வெளி இலாகா 34 பென்ஸில்களை ஒன்றுக்கு 128 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, ஜனங்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டது. அந்தப் பேனாவைச் செய்தவர் பால் ஃபிஷர் என்ற பேனா வியாபாரி. தம் சொந்தப் பணத்திலே செய்தார். சர்க்கார் அதை மலிவு விலைக்கே வாங்கியது. 1968-ல் அப்போலோ 7-ல் அது சென்றது. பின்னர் ருஷ்யர்களும் அதே பேனாவை வாங்கினார்கள். பென்ஸில் முனை ஒடிந்தால் தூள் மிதக்கும். கண்ணிலும் கருவியிலும் புகும். படத்தின் முடிவில் வைரஸே இந்தப் பதிலைச் சொல்கிறார். ஆனால் கைதட்டல் என்னவோ கேள்விக்குத்தான் கிடைத்தது, பதிலுக்குக் கிடைக்கவில்லை. புத்திசாலித்தனமான கேள்வியையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை எந்த மாணவனும் இதிலிருந்து கற்றுக் கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது விஷயந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹிந்திப் படத்தில் காட்டும் மிதிவண்டித் துணி துவைக்கும் இயந்திரம், ஸ்கூட்டரால் ஓடும் மாவு அரைக்கும் இயந்திரம், குதிரைக்கு ரோமம் கத்திரிக்கும் மிதிவண்டி, மூன்றும் கற்பனையல்ல. ஆமதாபாத் பக்கத்திலுள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம் கிராமம் கிராமமாகத் தேடிக் கண்டெடுத்தவை. துணி துவைக்கும் இயந்திரத்தைச் செய்தவர் கேரளத்தைச் சேர்ந்த ரெம்யா ஜோஸ். செய்தபோது அவர் பள்ளிக்கூடச் சிறுமி. தாயார் நோயுற்றதால் வீட்டுத் துணி முழுதும் அவர் தலையில் விழுந்தது. மிதிவண்டி உதிரிகளைக் கொண்டு இயந்திரம் பிறந்துவிட்டது. "இயந்திரம் என்றால் என்ன?" என்று அவரை யாரும் இரண்டு மார்க்குக்குக் கேட்கவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் நான் உபாத்தியாயன் அல்லன். ஸ்ரீவத்ஸன் மேடையில் தமிழில் பிரசங்கம் செய்யும் காட்சி இருக்கிறது. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்தவன் பிரசங்கத்தில், தோழர்கள் ஒரு சொல்லை மாற்றி வைத்துவிடுகிறார்கள். உபாத்தியாயரின் தொழிலைக் குறிக்கும் சொல், பெண்களுக்கு இழைக்கப்படும் மகா பாதகத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. 2012-ல் கொட்டகையில் பார்த்தபோது நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது பக்கத்தில் மகள் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இதிலே என்ன வேடிக்கை?" என்று மட்டும் கேட்டாள். அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததற்காக ஸ்ரீவத்ஸனைப் பார்த்துச் சிரித்தோம். அர்த்தம் தெரிந்தும் சிரித்த எங்களை என்னவென்று சொல்வது? நான் பதில் சொல்லவில்லை. ஹிந்தியிலிருந்து அந்தக் காட்சியை அப்படியே எடுக்காமல் விட்டிருக்கலாம். நிரவல் செய்ய வேண்டிய இடம் அது.

இன்னொரு சங்கதியும் எனக்கு உறுத்துகிறது. மார்க்கைத் துரத்தாதே, அறிவைத் தேடு, வெற்றி தானே பின்னால் வரும் என்று பாரி போதிக்கிறான். அருமையான போதனை. ஆனால் போதிக்கும் பாரி யார்? ஒவ்வொரு பரீட்சையிலும் முதல் ஸ்தானம் வாங்குகிறவன்! முதல் ஸ்தானத்தில் உட்கார்ந்து கொண்டு மார்க்கைப் பழிப்பது சுலபம். அவனுடைய இரண்டு தோழர்களோ கடைசி ஸ்தானத்துக்காரர்கள். அவர்களில் ஒருவனுக்கு மாடியிலிருந்து குதித்து எலும்பு முறிந்த பிறகே உண்மை பேசும் துணிவு வருகிறது. அவ்வளவு புத்திசாலியான பாரியும் கடைசியில் தன் பட்டத்தைப் பணக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். தோட்டக்காரன் வீட்டில் வளர்ந்த அவன், எஜமானர் பிள்ளையின் பெயரில் படித்தவன். படிப்பு இவனுக்கு, சான்றிதழ் அவனுக்கு. எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையின் வாசலில் நிற்கும் காவற்காரர், "அறிவு இருக்கிறதா?" என்று யாரையும் கேட்டு உள்ளே விடுவதில்லை. "சர்டிபிகேட் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

இத்தனையும் யோசித்து, மறுநாள் ஒரு தீர்மானத்தோடு வகுப்புக்குப் போனேன். பலகையைத் தட்டவில்லை. ஆசிரியர் தினத்தன்று பாரியாக நடித்த பையனை எழுப்பினேன்.

"இயந்திரம் என்றால் என்ன? புத்தகத்தில் உள்ளபடி வேண்டாம். உன் சொந்த வார்த்தையில் சொல்" என்றேன்.

பையன் மலர்ந்த முகத்துடன் ஆரம்பித்தான். மனித உழைப்பைக் குறைக்கும் எதுவும் இயந்திரமே என்று, படத்தில் பாரி சொல்வதை, பாரியின் கையசைப்போடும் பாரியின் சிரிப்போடும், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான்! வகுப்பு கைதட்டியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனப்பாடத்தைக் கண்டித்த வசனமும் மனப்பாடமாகிவிட்டது. நோட்டுப் புத்தகம் போய் ஸினிமாப் படம் வந்தது. ஒப்பித்தல் அங்கேயே இருக்கிறது.

"உட்கார். வேறு யாராவது?" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். வருஷம் முழுவதும் இரண்டு தடவைக்கு மேல் அவள் குரலை நான் கேட்டிருக்க மாட்டேன். அவள் தகப்பனார் இங்கேயே ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார்.

"ஸார், முன்னே நாலு பேர் சேர்ந்து தூக்கின கம்பியை இப்போது ஒரு இயந்திரம் தூக்குகிறதாம். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் அதன் பக்கத்திலே நிற்கிறார்."

"அப்படியென்றால் இயந்திரம் என்பது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பளுவைக் குறைக்கிறது, ஸார். அப்பா நிற்கிற நேரத்தைக் குறைக்கவில்லை" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. 20 வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் அதுவே சிறந்தது. பி.எஸ்ஸி.க்குப் படித்த என் புத்தகங்களிலும் அது இல்லை. பாரியின் வசனத்திலும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்காமல், தன் வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்து வந்த பதில்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நேயர்கள் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயத்துடன் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். ஆனால் நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் அந்தப் பெண்ணை மேஜையருகே கூப்பிட்டேன்.

"நீ சொன்னது மிகவும் சரி, அம்மா. ஆனால் பொதுப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் புத்தகத்தில் உள்ளபடியே எழுதிவிடு. தெரிந்ததா?"

"சரி, ஸார்" என்றாள்.

இரண்டு மார்க்கை இழக்கும் சக்தி அவளுக்கு இல்லை. பாரிக்கு இருந்தது, ஸினிமாவில் எல்லாருக்கும் இருக்கும். விடைத்தாளைத் திருத்தப் போகிற யாரோ ஒருவர், அச்சடித்த விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு அதில் இல்லாத பதிலுக்கு முட்டை போட்டுவிட்டால், அவளுக்குக் கல்லூரி வாசல் ஒரு படி தூரமாகிவிடும். இதையெல்லாம் நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்கே பழக்கப்பட்ட ஒரு குரலாக இருந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி, பவுடர் தலையோடு மேடையில் நின்று ஒருவன் பேசினானே, அதே குரல்.

இருந்தாலும் அன்று ஒரு காரியம் செய்தேன். என் குறிப்புப் புத்தகத்தில் அவளுடைய பதிலைத் தேதியிட்டு எழுதி வைத்தேன். பக்கத்தில் இரண்டுக்கு மூன்று என்று மார்க்குப் போட்டேன். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அடுத்த வருஷம் வரும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும்போது, எந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்க வேண்டுமல்லவா?